போலீஸ் மந்திரி கக்கனும் முத்தாண்டிக்குப்பம் காவல் நிலையமும்

முத்தாண்டிக்குப்பம் காவல் நிலையத்தில் ஒருவர் புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்திரித் தோப்பில் வரப்புத் தகராறு, அடிதடி, மண்டை உடைந்திருக்கிறது. மனுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது கையில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. வரவில்லை என்றால் மேலே போக வேண்டும்: டி.எஸ்.பி., கடலூர் எஸ்.பி., விழுப்புரம் சரக டி.ஐ.ஜி., வடக்கு மண்டல ஐ.ஜி., டி.ஜி.பி., உள்துறைச் செயலாளர், கடைசியில் முதலமைச்சர். இந்தப் படிக்கட்டில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒரே ஒருவர்தான். அவரும் உச்சிப் படியில், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி, கோட்டையில் இருக்கிறார். ஊராட்சித் தலைவரும் ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்ட ஊராட்சித் தலைவரும் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் இதில் எந்தப் படியிலும் இல்லை. ஆனால் மண்டை உடைந்தவர் முதலில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பார் என்பது ஊரறிந்தது. ஒன்றியச் செயலாளர் வீட்டில் நிற்பார், இல்லையென்றால் எம்.எல்.ஏ. வீட்டில் நிற்பார். ‘ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க’ என்பதுதான் கோரிக்கை. போன் போகும், வேலையும் நடக்கும். அந்தப் போன் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. காவல்துறையில் அரசியல் தலையீடு பெருகிவிட்டது என்று நாம் வழக்கமாகப் புலம்புகிறோம். என் வாதம் வேறு. அரசியல்வாதியின் செல்வாக்கு உள்ளூர்க் காவல் நிலையம் வரை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, வராமல் நிற்பது அவருடைய பொறுப்புத்தான். இந்தப் பிளவு எப்படி உண்டானது என்பதற்கு, போலீஸ் மந்திரி என்றே அழைக்கப்பட்ட பி. கக்கனின் பொதுவாழ்வைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

பிளவின் வேர் கம்பெனி ஆட்சியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆள்தான். தாசில்தார் இரண்டு வேலையையும் பார்த்தார். வரி கட்டாதவனை வெயிலில் குனிய வைத்து நிறுத்துவதும், குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனின் விரலை நசுக்குவதும் ஒரே கையால் நடந்தன. 1855இல் வந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை இதை அம்பலமாக்கியது. அதன் விளைவுகளில் ஒன்றுதான் 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டமான மாவட்டக் காவல் சட்டம். வருவாயிலிருந்து காவலைப் பிரித்து, தனி அதிகாரிகளின் கீழ் கொண்டுவந்து, மேற்பார்வையை மாகாண அரசின் கையில் அது வைத்தது. சித்திரவதையைத் தடுக்கக் கேட்ட சீர்திருத்தம், அரசுக்கு மட்டுமே பதில் சொல்லும் ஒரு படையாக வந்து சேர்ந்தது. ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அன்னிய அரசிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. 1919 சீர்திருத்தத்தின்படி கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை இந்திய அமைச்சர்களுக்கு வந்தபோதும் காவல் ‘ஒதுக்கப்பட்ட’ துறையாக ஆளுநரின் நிர்வாக சபையிடமே தங்கிவிட்டது. அரசியல் சாசனம் காவலை மாநிலப் பட்டியலில் வைத்தது. பின்னாளில் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்காகப் பட்டியலிட்ட 29 துறைகளில் குடிநீர் உண்டு, கிராம மின்வசதி உண்டு, காவல் இல்லை.

இந்த இயந்திரத்தின் தலையில்தான் 1963 அக்டோபரில் கக்கன் அமர்த்தப்பட்டார். மதுரை மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஆலயப் பிரவேச இயக்கத்தில் நின்றவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952இல் நாடாளுமன்ற உறுப்பினர், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் என்று படிப்படியாக ஏறி 1957இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணி அமைச்சரானார். காமராஜர் பதவி விலகிப் பக்தவத்சலம் முதல்வரானதும் உள்துறை கக்கனிடம் வந்தது. கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலேயரின் போலீஸ் பிடித்துச் சிறையில் அடைத்த ஒருவர், அதே போலீஸ் கிராமங்களில் யாரைக் கண்டால் முதலில் கை ஓங்குமோ அந்தச் சாதியில் பிறந்த ஒருவர், இருபத்தோரு ஆண்டில் அதன் அமைச்சர். அவருடைய காலத்தில், 1964இல், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தொடங்கப்பட்டது. கக்கனைப் பற்றிய நம் நினைவு பெரும்பாலும் அவருடைய எளிமையில் வந்து நின்றுவிடுகிறது. பதவி போன பிறகு பஸ்ஸில் போனார், வாடகை வீட்டில் இருந்தார், அரசு மருத்துவமனையில் கிடந்தார். எல்லாம் போற்றத்தக்கதுதான். ஆனால் போலீஸ் மந்திரியாக அவர் என்ன செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நேர்மையைப் புகழ்ந்தே ஒருவருடைய அரசியலை மறந்துவிடும் சாமர்த்தியம் நமக்கு உண்டு.

அந்தக் கேள்விக்கு விடை 1965இல் கிடைத்தது. ஜனவரி 26 முதல் இந்தி ஒரே ஆட்சிமொழி ஆகும் என்ற நிலையில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 27 அன்று, இன்றைய கடலூர் மாவட்டத்திலேயே இருக்கும் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாணவர் ராஜேந்திரன் இறந்தார். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பொள்ளாச்சி, திருப்பூர் என்று துப்பாக்கிச் சூடு பரவியது, போலீஸ்காரர்களும் கொல்லப்பட்டார்கள். அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் ஏறக்குறைய 70 பேர். மக்கள் சொன்ன எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் கையில் போலீஸ் இல்லை. போலீசைக் கையில் வைத்திருந்த கக்கன் விலகவில்லை. இதை வைத்து அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் துப்பாக்கிச் சூட்டின் சட்ட நடைமுறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க ஆணையிடும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டுக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் தரப்பட்டிருந்தது. 1973இல் சட்டம் மாறியது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. அமைச்சர் என்ற சொல்லே அந்தப் பிரிவுகளில் கிடையாது. சுடச் சொல்லவும் சுடாதே என்று தடுக்கவும் சட்டம் அவருக்கு இடம் வைக்கவில்லை. சட்டமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்வது மட்டும் அவர் வேலை. அதையும் முதல்வரின் கொள்கைக்குள் நின்றுதான் சொல்ல வேண்டும், இந்தப் போராட்டத்தில் பக்தவத்சலத்தின் கொள்கை கடுமையானது. களத்தில் தாசில்தார், தலைமைச் செயலகத்தில் முதல்வர். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெயர்ப்பலகையாகப் போலீஸ் மந்திரி இருந்தார். 1967 தேர்தலில் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் கக்கன் தோற்றார். தோல்விக்கு அரிசிப் பஞ்சம் உட்படப் பல காரணம் உண்டு, காங்கிரசின் பெருந்தலைகளும் அந்தத் தேர்தலில் உருண்டன. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். காவலுக்குப் பொறுப்பான ஒருவரை, முதல்வர் அல்லாத தனி ஆளாக, மக்கள் நேரே பார்த்துத் தண்டிக்க முடிந்தது.

அதன் பிறகு அந்த வாய்ப்பு அரிதாகிவிட்டது. 1967க்குப் பின் காவல்துறையை வழக்கமாக முதலமைச்சரே வைத்துக்கொள்கிறார். கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, பழனிசாமி, 2021இல் வந்த ஸ்டாலின் வரை இதுதான் கதை. உளவுத்துறையின் காலை அறிக்கை வேறு யார் மேசைக்கும் போகக்கூடாது என்ற எச்சரிக்கை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். முதல்வரே நேரடியாகப் பொறுப்பேற்பது நல்லதுதானே, நடுவில் ஒரு பொம்மை அமைச்சர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் தூத்துக்குடி அதற்கு எதிரான சாட்சி. 2018 மே 22 அன்றும் மறுநாளும் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆணை கொடுத்ததாகக் காகிதத்தில் நிற்பவர்கள் துணை வட்டாட்சியர்கள். காவல்துறையைக் கையில் வைத்திருந்த முதல்வர் எடப்பாடி பழனிசாமி, தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தலைமைச் செயலாளரும் டி.ஜி.பி.யும் உளவுத்துறை ஐ.ஜி.யும் நிமிடத்துக்கு நிமிடம் அவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று, 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை கூறியது. கக்கன் காலத்தில் பெயர்ப்பலகையாவது தொங்கியது. இப்போது பல துறைக் கோப்புகளைப் பார்க்கும் ஒருவர், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்கவும் இடம் கிடைத்துவிட்டது.

நெய்வேலி வட்டாரத்தில் சிக்கல் இன்னும் ஒரு சுற்று முறுக்கேறியது. மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, அதன் எஜமான் டெல்லியில் இருக்கும் உள்துறை. வேலிக்கு வெளியே மாநிலப் போலீஸ். 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்கத்தின் வாசலில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அந்தப் படைவீரர் ஒருவரின் துப்பாக்கிக்குப் பலியானார். சுட்டவர் மத்தியப் படை, கைது செய்தது மாநிலப் போலீஸ், கொதித்தெழுந்த தொழிலாளர்கள் மேல் தடியடி நடத்தியதும் மாநிலப் போலீஸ். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. வாய்க்கால் வெட்டியது என்.எல்.சி., பாதுகாப்புக்கு நின்றது மாநிலப் போலீஸ். இரண்டு நாள் கழித்து, ஜூலை 28 அன்று, நெய்வேலியில் பா.ம.க. நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சு, கண்ணீர்ப் புகை, வானத்தை நோக்கிய துப்பாக்கிச் சூடு என்று முடிந்தது. அன்புமணி ராமதாஸ் கைதானார். போலீஸ் சொல்வது சரியா, போராடியவர்கள் சொல்வது சரியா என்ற விவாதத்தை இங்கே விடுகிறேன். பயிர் நடுவே எத்தனை போலீஸ் நிற்கலாம், யார் கேட்டு நிற்கிறது, அதற்கான செலவு யாருடையது என்ற கேள்விகளைக் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே பதவியில் இருந்து எழுத்தில் கேட்கக்கூடிய மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்கலாம். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. என்றால் கேட்க மாட்டார். எதிர்க்கட்சி என்றால் காவல் மானியக் கோரிக்கையின்போது சில நிமிடம் பேசக் கிடைக்கும்.

பதவி இல்லாமல் கேட்டவர்கள் உண்டு. என்.எல்.சி. சுரங்கங்களிலிருந்து அதிக தூரமில்லாத முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவை 1993 மார்ச்சில் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது. அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது நிலையம். அவர் மனைவியின் பக்கம் நின்றவர்கள் அந்த வட்டார மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள். வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். மூடி மறைத்த மரணம் வெளியே வந்தது. காவலர்களின் தண்டனையில் உயர் நீதிமன்றம் கடைசி வார்த்தை சொல்ல 2006 ஆகிவிட்டது. ‘ஜெய்பீம்’ படத்தால் இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். படம் வழக்கறிஞரைப் பெரிதாக்கிக் காட்டியதில் ஒரு செய்தி சற்றுப் பின்னால் போய்விட்டது. உள்ளூர் அரசியல்வாதியால் காவல் நிலையத்தைக் கண்காணிக்க முடிந்தது, ஆனால் அவருக்கு அதிகாரம் ஏதும் இல்லை, போராட்டமும் நீதிமன்றமும் மட்டுமே கருவி. இதன் மறுபக்கத்தையும் இந்த வட்டாரமே காட்டியிருக்கிறது. 2021 செப்டம்பரில், அன்றைய கடலூர் எம்.பி.யின் முந்திரி ஆலையில் வேலை பார்த்த தொழிலாளி இறந்தபோது, காடாம்புலியூரில் சந்தேக மரணமாகத் தொடங்கிய வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய்க் கொலை வழக்கானது. எம்.பி. பண்ருட்டி நீதிமன்றத்தில் சரணடைந்தார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். பெரிய பெயர் சம்பந்தப்பட்டதும் ஊர் உள்ளூர் நிலையத்தை நம்பவில்லை என்பது மட்டும் எனக்கு இங்கே போதும்.

அப்படியானால் மாவட்டக் காவலுக்கு ஒரு அரசியல்வாதியைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்துவிடலாமா? இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 2011இல் சட்டம் போட்டு, 2012 நவம்பரில் வட்டாரத்துக்கு ஒரு காவல் ஆணையரை மக்கள் ஓட்டில் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 15 சதவீதம். தெற்கு யார்க்‌ஷயரில் வென்ற ஷான் ரைட், முன்பு ராதர்ஹாம் நகரசபையில் குழந்தைகள் நலப் பொறுப்பில் இருந்த உள்ளூர் லேபர் கட்சிக்காரர். அந்த நகரில் ஏறக்குறைய 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2014 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பிரதமர், உள்துறை அமைச்சர், சொந்தக் கட்சி எல்லாரும் விலகச் சொன்னார்கள். ஆனால் அவரை நீக்கச் சட்டத்தில் வழியே இல்லை. கட்சியை விட்டார், நாற்காலியை விடவில்லை. சில வாரம் கழித்து, செப்டம்பர் நடுவில், தானாக இறங்கினார். 2028இல் இந்தப் பதவியையே எடுத்துவிடப் போவதாகப் பிரிட்டிஷ் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஒரு ஆளிடம் ஓட்டின் பலத்தைக் கொடுத்து, அவரை யார் கேட்பது என்பதை மறந்ததன் பலன் இது.

நம் ஊரில் இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஓட்டு என்பது சாதிக் கணக்கும்கூட. எண்ணிக்கையில் பெரிய சாதியின் ஆள் காவலுக்கு மேலே உட்கார்ந்தால் சேரிக்காரரும் இருளரும் குறவரும் எங்கே போவார்கள்? தொலைவில் இருக்கும் சென்னைதான் அவர்களுக்குச் சற்றாவது பாதுகாப்பு என்று சொல்பவர்களை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஆனால் ராஜாக்கண்ணுவைக் கொன்ற நிலையம் தேர்ந்தெடுத்த உள்ளூர்த் தலைவரின் கீழ் இருக்கவில்லை, சென்னையின் கீழ்தான் இருந்தது. தலைமைப் பதவியில் தாழ்த்தப்பட்டவர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் கக்கனோடு சோதிக்கப்பட்டுவிட்டது. அவர் அமைச்சராக இருந்ததால் கிராமத்து ஸ்டேஷனின் பழக்கம் மாறிவிடவில்லை, மாற்றும் கருவியும் அவரிடம் இல்லை. ஆக, சாதி ஆட்சேபம் நமக்குச் சொல்வது, உள்ளூர்ப் பிரதிநிதியிடம் இடமாற்றம், கைது, வழக்கு எதையும் கொடுக்கக்கூடாது என்பதைத்தான். கேள்வி கேட்கும் உரிமையையும் கொடுக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை.

கேள்வி கேட்கும் உரிமைகூட இல்லாத நிலை எப்படி இருக்கும் என்பதற்கு யாழ்ப்பாணம் இருக்கிறது. இலங்கை அரசியல் சாசனத்தின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் மாகாணக் காவல் பிரிவையும், முதலமைச்சரின் நியமனமும் சேர்ந்த மாகாணக் காவல் ஆணைக்குழுவையும் எழுத்தில் தந்தது. நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. 2013இல் வடக்கு மாகாண சபையின் 38 இடங்களில் 30ஐ வென்று வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன், உச்ச நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். 2016 அக்டோபரில் குளப்பிட்டியில் போலீசின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது, தம் மாகாணத்தின் காவல்துறையிடம் விளக்கம் கேட்டுப் பெறும் அதிகாரம் அவரிடம் இல்லை. பிரிவினை அச்சம் கொழும்பின் கையைக் கட்டியது என்று வாதிடலாம். தமிழ்நாட்டில் மாவட்டத்துக்குக் கேள்வி உரிமை தர அந்த அச்சமும் கிடையாது.

நம்மிடம் ஒரு சட்டமே இருக்கிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஏழு உத்தரவுகளில் ஒன்று, மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் வேண்டும் என்பது. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். போலீஸ் மேல் வந்த புகாரைப் போலீசே விசாரிக்கும். கலெக்டருக்கு மாவட்டச் சட்டம் ஒழுங்கும் பொறுப்பு என்பதால் அவரும் தம் முடிவைத் தாமே விசாரிப்பார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஸ்டேஷன் மேல் முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனுப் போட்டால், அது கோட்டையிலிருந்து எஸ்.பி. அலுவலகம், அங்கிருந்து டி.எஸ்.பி., அங்கிருந்து அதே ஸ்டேஷனுக்கு ‘விசாரித்து அறிக்கை அனுப்பவும்’ என்று இறங்கி வரும் வழக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த ஒரு பிரிவைத் திருத்தலாம். தலைமைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி. உறுப்பினர்களில் மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகர்மன்றங்களிலிருந்தும் எதிர்க்கட்சி உட்பட சிலர், பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதிகள் கட்டாயம், பெண்கள் கட்டாயம். தனி வழக்குகளில் கைவைக்க அவர்களுக்கு உரிமை வேண்டாம். எத்தனை சி.எஸ்.ஆர். போடப்பட்டது, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, காவலில் இருந்தவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா, கேமரா ஓடியதா, என்.எல்.சி. பாதுகாப்புக்குப் போன போலீஸ் எத்தனை பேர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்.பி.யை அழைத்துப் பொதுவில் கேட்கவும், பதிலை அச்சிடவும் உரிமை போதும். இன்னொன்றும் சேர்க்கலாம்: எந்தக் கட்சிப் பிரமுகர் எந்த வழக்குக்காக ஸ்டேஷனுக்குப் போன் போட்டார் என்பது பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும். இதை முதலில் எதிர்க்கப்போவது போலீஸ் அல்ல, இப்போது போன் போட்டுக்கொண்டிருப்பவர்கள்தான். சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் காவல் மானியக் கோரிக்கை வருகிறது, புதிய ரோந்து வாகனங்களும் காவலர் குடியிருப்புகளும் அறிவிக்கப்படுகின்றன. 2013 சட்டத்தின்படி கடலூர் மாவட்டப் புகார் ஆணையம் எத்தனை முறை கூடியது, எத்தனை புகாரைப் பெற்றது, எத்தனை காவலர்மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது என்ற மூன்று கேள்விகளை அடுத்த மானியக் கோரிக்கையில் நெய்வேலி, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி எம்.எல்.ஏ.க்களில் யாராவது ஒருவர் எழுப்பலாம்.